தோல் புற்றுநோய் வந்தவரின் மனப்பாரத்தைக் கேட்டறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ் பேசும் தோல் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் மிஸ்ஸிகள் (தாதியர்), மருத்துவச் சமூகப் பணியாளர்கள், தொண்டர்களுக்காக எழுதப்பட்டது இது. பிற்பகுதியில் வீட்டார் கேட்கும் கேள்விகளும் உண்டு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனவேதனையை அளக்கும் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்குவது (இதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறோம்) பெரிய வேலை இல்லை. நிரப்பிய தாளை அன்றைக்கே ஒருவர் படித்து, அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும். கேட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

ஸ்கிரீனிங் என்றால் மனநோய் இருக்கிறதா என்று பார்ப்பதா?

இல்லை. யாரிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும் என்று சலித்தெடுப்பது, அவ்வளவுதான். தூக்கமின்மை, பயம், வீட்டில் உரசல், கிளினிக்குக்கு வரும் செலவு, கண்ணாடி பார்க்கப் பிடிக்காமை, சாமி மேல் கோபம் எல்லாம் ஒரே தாளில் வந்து விழும். இவற்றில் பலவற்றுக்கு மனநல மருத்துவரே தேவைப்படாது. மெடிக்கல் லீவு கணக்கைத் தெளிவாகச் சொன்னாலே தூக்கம் வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தோல் புற்றுநோய் சின்ன வியாதிதானே? வெட்டி எடுத்தால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு?

இந்த எண்ணம்தான் நோயாளியைத் தனியாக்குகிறது. உறவுக்காரர்கள் மட்டுமல்ல, மருத்துவப் பணியாளர்களும் இப்படிச் சொல்வதுண்டு.

மூன்று வகை அதிகம் பேசப்படுகின்றன. பேசல் செல் புற்றுநோய் உயிரைக் குடிப்பது அரிது. ஆனால் அது விரும்பி வரும் இடம் மூக்கு, கண்ணோரம், கன்னம். அதை வெட்டி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டினால் முகம் மாறும். ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், பல வருடமாக ஆறாத புண்ணிலோ பழைய தீக்காயத் தழும்பிலோ கிளம்பக்கூடும். மூன்றாவது மெலனோமா. நம்மைப் போன்ற கருத்த தோலில் இது வெயில் படும் இடத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் தென்படுகிறது. அங்கே வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கால் ஆணி என்றும், கதவிடுக்கில் நசுங்கிய நகம் என்றும், இனிப்புநீர் (நீரிழிவு) புண் என்றும் மாதக்கணக்கில் மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். "நம்ம நிறத்துக்குத் தோல் கேன்சர் வராது" என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் இங்கே வரும் நோயாளியிடம் பயத்தோடு இரண்டு சுமைகள் கூடுதலாக இருக்கும். ஒன்று, 'முன்னாடியே வந்திருக்கலாமே' என்ற குற்ற உணர்வு. இன்னொன்று, ஆணி என்று சொல்லிச் சீவி அனுப்பியவர்கள் மேல் கோபம். எந்தப் படிவத்திலும் இந்த இரண்டுக்கும் தனிக் கட்டம் கிடையாது. வாயால்தான் கேட்க வேண்டும்.

எந்தப் படிவத்தைப் பயன்படுத்துவது?

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர். ஒரே பக்கம். இன்றைய நாளையும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் மனவேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண். பக்கத்தில் பிரச்சினைப் பட்டியல்: உடல், மனம், குடும்பமும் உறவும், வேலை, பணம், போக்குவரத்து போன்ற நடைமுறைச் சிக்கல்கள், ஆன்மிகம். எண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை.

அந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு அடுத்த படியாக பிஹெச்கியூ-9, ஜிஏடி-7. முன்னது மனச்சோர்வுக்கு, 9 கேள்வி, மொத்தம் 27. பின்னது பதற்றத்துக்கு, 7 கேள்வி, மொத்தம் 21. இரண்டுமே கடந்த 2 வாரங்களைப் பற்றிக் கேட்பவை, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3. இரண்டில் எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். பிஹெச்கியூ-9இல் 15 அல்லது அதற்கு மேல் போனால் தள்ளிப்போடாதீர்கள். நேரமே இல்லாத கிளினிக்கில் அதன் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, 6க்கு 3 வந்தால் மீதியையும் கேட்பது உண்டு. இரண்டு படிவங்களுக்கும் கட்டணம் இல்லை.

ஹேட்ஸ் என்ற 14 கேள்விப் படிவம் பதற்றத்துக்கு 7, சோர்வுக்கு 7 எனப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் 8 முதல் 10 வரை எல்லைக்கோடு, 11 அல்லது அதற்கு மேல் கவனிக்க வேண்டியது. உடல் அறிகுறிகளை அது பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதால் புற்றுநோயாளிகளுக்குப் பொருந்தும். உரிமம் வாங்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

முகத்தில் நோய் வந்தவர்களுக்கென்றே ஸ்கின் கேன்சர் இண்டெக்ஸ் இருக்கிறது. 15 கேள்விகள், உணர்வு, சமூகம், தோற்றம் என மூன்று பகுதிகள். தோல் கிளினிக்குகளில் கைக்கு எளிதில் கிடைப்பது டிஎல்கியூஐ என்ற 10 கேள்விப் படிவம். அதை மட்டும் நம்பாதீர்கள். சொரியாசிஸ், எக்ஸிமா போன்றவற்றில் நன்றாக வேலை செய்யும். அரிப்பு, எரிச்சல், உடை, விளையாட்டு என்று கேட்கும் அந்தத் தாளில், மூக்கு நுனியில் வலியே இல்லாத கட்டியோடு இரவெல்லாம் விழித்திருப்பவர் 0 அல்லது 1 வாங்கிவிட்டுப் போய்விடுவார்.

எப்போது கேட்க வேண்டும்?

நோயின் பெயரைச் சொன்ன அதே மணி நேரத்தில் வேண்டாம். அப்போது எல்லோருக்கும் எண் உயரமாகத்தான் வரும், யாரை முதலில் பார்ப்பது என்று அது காட்டாது. அடுத்த வருகையிலோ ஒன்றிரண்டு வாரத்திலோ முதல் முறை கேளுங்கள்.

பலரும் தவறவிடும் நேரம் முதல் கட்டு பிரிக்கும் நாள். ஒட்டுத்தோல் வைத்த கட்டைச் சுமார் 5 முதல் 7 நாளில் திறப்பார்கள். அதுவரை 'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது' என்ற நிம்மதியில் இருந்தவர், கருநீலமாக, குழி விழுந்து கிடக்கும் இடத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பார். பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கொடுங்கள். 'முதல்ல இப்படித்தான் இருக்கும், நிறம் மாற மாதக்கணக்காகும்' என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லுங்கள். அன்று எண் கேட்க வேண்டாம். அதற்கடுத்த டிரெஸ்ஸிங்கில் கேளுங்கள்.

பிறகு, வெட்டிய இடத்தின் ஓரத்தில் இன்னும் நோய் இருக்கிறது, மறுபடி வெட்ட வேண்டும் என்று பத்தாலஜி முடிவு வரும்போது. நிணநீர்க் கட்டியைச் சோதித்த முடிவு வரும்போது. சிகிச்சை முடியும்போது: எல்லோரும் வாழ்த்தும் அந்த வாரத்தில்தான் சிலர் உடைந்துபோவார்கள், அதுவரை கிளினிக் ஒரு பிடிப்பாக இருந்திருக்கும். நோய் திரும்பும்போதும் கட்டாயம். மெலனோமாக்காரர்களுக்கு ஸ்கேனுக்கு முந்தின வாரம் தனி வேதனை. அந்த வாரத்து எண்ணை வைத்து ஆண்டு முழுவதையும் எடைபோடக்கூடாது.

தமிழில் எப்படிக் கேட்பது?

இடம் முதலில். வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கிளிப்போர்டை நீட்டினால் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப்பார்ப்பார், எல்லாவற்றுக்கும் 0 வரும். டிரெஸ்ஸிங் அறையிலோ திரைக்குப் பின்னாலோ 10 நிமிடம் போதும்.

கூட வந்தவர்களை அவமதிக்காமல் வெளியே அனுப்ப ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எல்லாருக்கும் இது தனியாத்தான் கேப்போம், அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க" என்றால் போதும். எல்லாருக்கும் என்ற சொல் முக்கியம், இல்லாவிட்டால் 'அம்மாவுக்கு என்னமோ பெருசா இருக்கு' என்று பயந்துவிடுவார்கள்.

பேத்தியையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மாமியார் 'வீட்டுல யாரும் பேசறதில்ல' என்று சொல்ல நினைத்தால் மருமகள் வழியாக எப்படிச் சொல்வார்? தமிழ் தெரிந்த பணியாளர் அன்று இல்லையென்றால் போனில் ஒருவரைப் பிடியுங்கள், அல்லது அடுத்த வருகைக்குத் தள்ளுங்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் சிலருக்குத் தமிழ் எழுத்து வராது. பிள்ளைகள் சிலருக்கு மலாய் படிக்க வரும், தமிழ் பேச மட்டும் வரும். யாரையும் 'படிக்கத் தெரியுமா' என்று கேட்காமல் "நான் வாசிக்கட்டுமா, நீங்களே பாக்கறீங்களா?" என்று இரண்டையும் முன்வையுங்கள். வாசிக்கும்போது எல்லோருக்கும் ஒரே வாக்கியம். ஒருவரிடம் 'கவலையா' என்றும் இன்னொருவரிடம் 'பைத்தியம் பிடிக்கிற மாதிரியா' என்றும் கேட்டால் எண்களை ஒப்பிட முடியாது. நாங்கள் பரிந்துரைக்கும் வடிவம் இது:

"அம்மா, போன ஒரு வாரமா, இன்னிக்கும் சேர்த்து, மனசு எவ்வளவு பாரமா இருந்துச்சு? ஒண்ணுமே இல்லன்னா சீரோ. தாங்கவே முடியலன்னா பத்து. நீங்க எங்க நிக்கறீங்க?"

தெர்மாமீட்டர் படத்தைக் கண்டு "எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்று சொல்பவருக்கு ஏணிப்படி வரைந்து காட்டுங்கள்.

பட்டியல் முடிந்ததும் கடைசியாக ஒரு கேள்வி, படிவத்தில் இல்லாதது: "இதுல எது ஒண்ணு சரியானா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி?" இதற்கு வரும் பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே ஃபைலில் எழுதுங்கள். எண்ணைவிட இந்த வரி அடுத்து வருபவருக்கு உதவும்.

எல்லாவற்றுக்கும் 0 போடுகிறாரே?

உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். அப்படி இருப்பவர்கள் நிறைய உண்டு, குடைய வேண்டாம். ஆனால் எண் 0, பட்டியலில் ஐந்தாறு டிக் என்றால் பட்டியலை நம்புங்கள். மகன் பேனா பிடித்திருந்தால் அந்தத் தாள் செல்லாது. 'பரவால்ல', 'என்னமோ இருக்கேன்', 'எல்லாம் விதி' என்பவை பதில்கள் அல்ல, கதவைச் சாத்தும் சொற்கள். மனசைப் பற்றிக் கேட்டால் நகர்ந்துவிடுபவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள்: "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? நெஞ்சு படபடன்னு அடிக்குதா? சாப்பாடு இறங்குதா?" ஆண்களிடம் குடி பற்றியும் கேளுங்கள், "வாரத்துல எத்தனை நாள்?" என்று சாதாரணமாக. 'குடிப்பீங்களா' என்றால் இல்லை என்றுதான் வரும்.

எண் வந்துவிட்டது. அடுத்து என்ன?

0 முதல் 3 வரை: டிக் போட்டவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த முறை கேட்கும் தேதியைக் குறிக்கவும்.

4 முதல் 6 வரை: அன்றைக்கே மிஸ்ஸி 10, 15 நிமிடம் உட்கார்ந்து பேசி, பிஹெச்கியூ-9, ஜிஏடி-7 எடுக்கவும். டிக் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து அனுப்பவும். பணம், போக்குவரத்து, வேலை என்றால் சமூகப் பணியாளர். வலி, தூக்கம் என்றால் மருத்துவர். பயம், சோர்வு என்றால் கவுன்சலர் அல்லது மனநலப் பிரிவு.

7 அல்லது அதற்கு மேல்: வீட்டுக்குப் போகும் முன் ஒருவர் முழுமையாகப் பேச வேண்டும். இந்த 7 எங்கள் கோடு. பொதுவான எல்லை 4தான். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் அன்றைக்கே யாரைப் பிடித்து நிறுத்துவது என்பதற்காகப் பிரித்தோம்.

திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். கடிதம் எழுதப்படும், மனநலப் பிரிவில் தேதி ஆறு வாரம் கழித்து வரும், இடையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பெயர், எண், யாரிடம் அனுப்பினோம், போனாரா என்று நான்கு பத்திகள் எழுதுங்கள். ஏழாம் நாள் ஒரு போன். வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: அந்த நாள் மகனுக்கு லீவு இல்லை, அல்லது 'மனநோய் கிளினிக்' என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

பிஹெச்கியூ-9இன் ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டிருக்கிறார். மொத்தம் 6தான். விட்டுவிடலாமா?

விடக்கூடாது. அந்தக் கேள்வி இறப்பதே மேல் என்ற எண்ணத்தையும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே நேரில் பேச வேண்டும். மலேசியாவில் இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது பல காலமாகப் பதிவாகி வருவது. இந்தக் கேள்வியைச் சங்கடப்பட்டுத் தாண்டிப் போகும் பழக்கம் நமக்குக் கட்டாது.

நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை, கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. படிப்படியாகப் போங்கள். "இப்படி இருக்கறதுக்குப் போய்ச் சேர்ந்துட்டா தேவலன்னு தோணியிருக்கா?" ஆமாம் என்றால், "உயிரை மாய்ச்சுக்கணும்னு நெனச்சிருக்கீங்களா?" பிறகு, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இன்றிரவு வீட்டில் யார் இருப்பார்கள். 'எமன் இன்னும் என்னைக் கூப்பிட மாட்டேங்கறானே' என்று அலுத்துக்கொள்ளும் பாட்டியும், யோசித்து முடிவெடுத்திருப்பவரும் ஒன்றல்ல. ஆனால் கேட்காமல் எது எது என்று தெரியாது.

திட்டமோ பொருளோ இருந்தால் தனியே விடாதீர்கள். மருத்துவரை அழைத்து அவசரப் பிரிவுக்கோ பணியில் இருக்கும் மனநல மருத்துவரிடமோ கூடவே போங்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டார் எடுத்து வைக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அசதி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் மருந்தால் வந்ததாக இருக்கலாமே?

இருக்கலாம். மெலனோமாவுக்குக் கொடுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள் (பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை) தைராய்டையும், பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளையும் தாக்கக்கூடும். அப்போது வரும் சோர்வு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். இந்த மருந்தில் இருப்பவருக்கு எண் திடீரென ஏறினால், கவுன்சலரிடம் அனுப்புவதோடு நிறுத்தாமல், தைராய்டும் காலை நேரக் கார்டிசோலும் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அட்ரினல் குறைபாடு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பக்கவிளைவுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டும் தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப்போடும். உடல் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, 'எதிலும் ஈடுபாடு இல்லை', 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற வரிகளில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பதும் உதவும்.

படிவங்களில் இல்லாத, நம் ஆட்களிடம் மட்டும் கேட்க வேண்டியவை உண்டா?

நிறைய. மூக்கில் அறுவை ஆனவரிடம் மூக்குத்தி பற்றிக் கேளுங்கள். கழற்றச் சொன்னது ஆபரேஷனுக்கு முதல்நாள், காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுபடி போட முடியுமா, மறுபக்கம் குத்தலாமா என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். நெற்றியில் ஒட்டுத்தோல் வைத்தவருக்குக் குங்குமமும் விபூதியும் எப்போது வைக்கலாம் என்பது பெரிய கேள்வி. புண் முழுதாக மூடும்வரை அந்த இடத்தில் எதுவும் வேண்டாம், தள்ளி வைக்கலாம். உச்சந்தலையில் தழும்பு இருப்பவர் மொட்டை வேண்டுதலுக்குத் தயங்குவார். மேலுதட்டில் வெட்டியவருக்கு அந்த இடத்தில் மீசை முளைக்காது.

கால்தான் இன்னும் சிக்கல். கால்விரல் எடுக்கப்பட்டவரோ உள்ளங்காலில் ஒட்டுத்தோல் வைத்தவரோ கோயிலுக்கு வெறுங்காலில் போக முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றினால் எல்லோர் கண்ணும் காலுக்குப் போகும். பத்துமலையின் 272 படிகளையோ பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையோ காவடியோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டவர் இதை மருத்துவரிடம் சொல்ல மாட்டார். ஆபரேஷன் தேதிக்கு மட்டும் வராமல் நின்றுவிடுவார். ஆகவே தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "தைப்பூசத்துக்கு ஏதாவது வேண்டுதல் இருக்கா?" மெலனோமாவில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். வேண்டுதலை அடுத்த ஆண்டுக்கு மாற்றலாமா, வீட்டில் வேறொருவர் எடுக்கலாமா என்று கோயில் குருக்களிடம் கேட்கச் சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

வெயிலில் வேலை செய்பவரிடம் 'வெயிலில் போகாதீங்க' என்று சொல்வது வேலையை விடு என்று சொல்வதுதான். லாரி, கட்டுமானம், புல் வெட்டுதல், பாதுகாவலர் வேலை என்றால், நீளக்கை சட்டை, அகலத் தொப்பி, உச்சிவேளையில் நிழல் வேலை என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க மருத்துவரைக் கேளுங்கள்.

புண்ணில் வாடை வருகிறது, யாரும் பக்கத்தில் வருவதில்லை என்கிறார்.

இதற்குக் கவுன்சலிங் முதல் மருந்து அல்ல. வாடையைக் குறைப்பதுதான் முதல் மருந்து. மெட்ரோனிடசோல் ஜெல், கரித்தூள் உள்ள டிரெஸ்ஸிங், கட்டு மாற்றும் இடைவெளியைக் குறைத்தல் ஆகியவை பற்றி மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள். தோல் புற்றுநோய் தொற்றாது, தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டாம் என்று வீட்டாருக்கு நோயாளியின் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க" என்கிறார்கள். படிவத்தில் அந்த வார்த்தை இருக்கிறதே?

அடிக்கடி வரும் நிலைமை. பொய் சொல்லவும் வேண்டாம், போட்டு உடைக்கவும் வேண்டாம். தலைப்பில் 'புற்றுநோய்' இல்லாத ஒரு பிரதி வைத்திருங்கள். பெரியவரிடம், "ஐயா, உங்க உடம்பு விஷயம் எல்லாம் உங்ககிட்ட நேரா சொல்லணுமா, இல்ல பிள்ளைகிட்ட சொன்னா போதுமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையது. பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அவரும் தெரியாதமாதிரி இருப்பார்.

திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் எப்போது அளவு மீறியது?

மாதம் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், உச்சந்தலை முதல் கால்விரல் இடுக்கு வரை பார்ப்பது நல்ல பழக்கம். முதுகுக்கும் தலைக்கும் வீட்டில் ஒருவர் துணை. சந்தேகமான இடத்தை, பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் போனில் படம் எடுத்து அடுத்த மாதம் ஒப்பிடலாம். ஒரே நகத்தில் மட்டும் அகலமாகிக்கொண்டு வரும் கருங்கோடு, காலில் ஆறாத புள்ளி என்றால் அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும்.

ஒரு நாளில் பலமுறை பார்ப்பது, தினமும் படம் அனுப்பிக் கேட்பது, அல்லது அதற்கு நேர்மாறாகக் காலைத் திரும்பியே பார்க்காமல் செக்கப்பைத் தவிர்ப்பது, இவை உதவி தேவை என்பதற்கு அடையாளம். இரண்டாவது வகை அமைதியாக இருப்பதால் நழுவிப்போகும். 'கவலைப்படாதீங்க' என்பது இதற்கு வேலை செய்யாது. எந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதிய ஒரு சீட்டும், பயத்தைக் கையாளப் பயிற்சி தரும் உளவியலாளரும் வேலை செய்வார்கள்.

பணக் கவலைக்கு என்ன சொல்வது?

அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே அங்கே அனுப்புங்கள், முடிந்த பிறகு அல்ல. தகுதி உள்ளவர்களுக்கு, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசின் பேக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட்டும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் உண்டு. நிபோங் திபாலிலிருந்தோ புக்கிட் மெர்தாஜாமிலிருந்தோ பினாங்குத் தீவுக்கு வந்துபோகிறவருக்கு அந்த 500 பெரிய தொகை. மக்னா (தேசியப் புற்றுநோய் மன்றம்), மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் இரண்டையும் அணுகலாம். 55 வயதுக்குள் இருப்பவர் இபிஎஃபில் (ஊழியர் சேமநிதி) மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம். 60 வயதுக்குள் வேலை செய்ய முடியாமல் போனால் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை ஓய்வூதியத்தைக் கேட்டுப் பாருங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி மருத்துவ விடுப்பு, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்கு 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்குவதற்கு 60 நாள் தனி. 2023 முதல் சாதாரண மருத்துவ விடுப்பு இந்த 60 நாளிலிருந்து கழிக்கப்படுவதில்லை. பழைய கணக்கையே சொல்லும் மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை ஆவணம் இல்லாதவர் வெளிநாட்டவர் கட்டணத்தில் மாட்டுவார். அதைக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் சிகிச்சையை நிறுத்திவிடுவார். அடையாள அட்டைப் பிரச்சினை உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

செய்வினை, நாட்டுமருந்து என்று பேசினால்?

சிரிக்காதீர்கள், வாதாடாதீர்கள். என்ன பூசுகிறார், என்ன குடிக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தோலை அரித்துக் கட்டியை 'விழவைக்கும்' பச்சிலைக் களிம்புகள் மேலே ஆறியது போல் காட்டி அடியில் நோயை வளரவிடலாம். இதைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். பூஜைக்கும் தாயத்துக்கும் தடை சொல்லத் தேவையில்லை.

(வீட்டார்) மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா? வேலை இடத்துக்குத் தெரியுமா?

எழுத மாட்டார்கள். நோயாளியின் சம்மதம் இல்லாமல் முதலாளிக்கு விவரம் கொடுக்கவும் கூடாது. மெடிக்கல் சர்ட்டிபிகேட்டில் எந்த கிளினிக் முத்திரை விழும் என்று கவலை இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். வெளியே கவுன்சலரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு கவுன்சலர்கள் சட்டத்தின் கீழ் பதிவும் நடப்புச் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் பேசுபவர் வேண்டும் என்பதைத் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள், போய் உட்கார்ந்த பிறகு அல்ல.

(வீட்டார்) பார்த்துக்கொள்கிற எனக்கே முடியவில்லை.

அதே 0 முதல் 10 எண்ணை உங்களுக்கும் எடுக்கச் சொல்லி மிஸ்ஸியிடம் கேளுங்கள். கட்டு மாற்றுவது உங்கள் தலையில் விழுந்திருந்தால், செய்து காட்டச் சொல்லி, நீங்கள் செய்வதை அவர்கள் பார்க்கும்வரை வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நோய் முற்றிய நிலையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹொஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது.

இரவில் மனம் தாங்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. அது கிடைக்காமல் போனால், 24 மணி நேரமும் இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, அல்லது தாலியான் காசே 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. இந்த எண்களை நோயாளியின் போனிலும், கூட இருக்கும் ஒருவரின் போனிலும் கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் பதிந்து கொடுங்கள்.